தாத்தா வீட்டுப் புலித்தலையை அந்துப்பூச்சி அரிக்கிறதா? கை வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

செம்பூரில் ஒரு பழைய ஃபிளாட்டின் ஹால் சுவரில் மான் தலை. மாட்டுங்காவில் ஒரு பூஜை அறையில் சுருட்டி வைத்த கிருஷ்ணாஜினம், அதாவது கருப்பு மான் தோல். திருநெல்வேலி வீட்டைப் பூட்டும்போது யாரோ மும்பைக்கு எடுத்து வந்த ஒரு புலித்தோல். மூன்றும் வேறு வேறு பொருட்களாகத் தெரியலாம். சட்டத்துக்கு மூன்றும் ஒன்றுதான். அந்துப்பூச்சிக்கும் ஒன்றுதான்.

மழைக்காலம் முடிந்து வீட்டைச் சுத்தம் செய்யும்போது இவற்றிலிருந்து முடி கொத்துக்கொத்தாக உதிரும். உடனே நாம் என்ன செய்வோம்? தட்டி உதறுவோம், ஈரத்துணியால் துடைப்போம், வெயிலில் போடுவோம், நாலு அந்துருண்டை வைப்போம். இல்லையென்றால் தெரிந்த தோல் கடையில் கொடுத்துச் சரிசெய்யச் சொல்வோம். இந்த ஐந்துமே தவறு. சில உடம்புக்கு ஆபத்து, சில பொருளுக்கு ஆபத்து, ஒன்று உங்களை வழக்கில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

அப்போ எதை முதலில் செய்ய வேண்டும், எதை நாமே செய்யக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அரிப்பது யார்?

பறந்து திரியும் பூச்சி இல்லை. துணி அந்துப்பூச்சி வளர்ந்த பிறகு எதையும் சாப்பிடாது. அதற்குச் செயல்படும் வாயே கிடையாது. ஆறேழு மில்லிமீட்டர் நீளத்தில், மங்கிய பொன்னிறத்தில் இருக்கும். வெளிச்சம் பிடிக்காது. டியூப்லைட்டைச் சுற்றிப் பறக்கிற பூச்சி பெரும்பாலும் இது இல்லை.

சாப்பிடுவது அதன் புழு. முடி, இறகு, கம்பளி, கொம்பின் மேலுறை எல்லாம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. பெரும்பாலான உயிர்களால் கெரட்டினைச் செரிக்க முடியாது. துணி அந்துப்பூச்சியின் புழுவால் முடியும். அதன் குடலில் அதற்கேற்ற ரசாயனச் சூழல் இருக்கிறது. வியர்வை, எண்ணெய், தூசி படிந்த முடி என்றால் அதற்கு இன்னும் பிடிக்கும்.

இதோடு இன்னொரு கூட்டமும் உண்டு: தோல் வண்டுகள். இவை முடியோடு நிற்காமல் காய்ந்த தோலையும் தின்னும். உலகின் பல அருங்காட்சியகங்கள் எலும்புக்கூட்டில் ஒட்டியிருக்கும் சதையைச் சுத்தம் செய்ய இந்த வண்டுகளை வேலைக்கு வைக்கின்றன என்றால் அவற்றின் திறமை புரியும். அதே வண்டு காட்சிக்கூடத்துக்குள் நுழைந்தால் பேரழிவு.

மும்பை வீடுகளில் சுவரில் ஒட்டியபடி மெதுவாக நகரும் சாம்பல் நிறத் தட்டைக் கூடு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். பூசணி விதை மாதிரி இருக்கும். அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புழுதான். சிலந்தி வலை, உதிர்ந்த தலைமுடி, கம்பளி என்று கிடைத்ததைத் தின்னும். அது இருக்கிறது என்பதற்காக பயப்பட வேண்டாம். ஆனால் இந்த வகைப் பூச்சிகள் வாழ உங்கள் வீடு ஏற்றது என்பதற்கு அது அறிகுறி.

மும்பை ஏன் அதற்குப் பிடித்த ஊர்?

குளிர் நாடுகளில் ஒரு தலைமுறை அந்துப்பூச்சி வளர்ந்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சுமார் இரண்டு மாதம் போதும். 25 முதல் 30 டிகிரி வெப்பம், 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்பது புழுவுக்குச் சொகுசு. மும்பையில் பருவமழை மாதங்களில் ஈரப்பதம் அடிக்கடி 80 சதவீதத்தைத் தாண்டும். குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ளும் ஜனவரியிலும் புழு வளர்ச்சி நிற்கும் அளவுக்குக் குளிராது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பெண் பூச்சி சுமார் 40 முட்டை இடும். ஜூனில் ஒரே ஒரு பெண் பூச்சி உங்கள் மான் தலையில் முட்டையிட்டதாக வையுங்கள். பிறப்பதில் பாதி பெண் என்றால், ஆகஸ்டில் 20 பூச்சிகள் 800 முட்டை இடும். அக்டோபரில் 400 பூச்சிகள் 16,000 முட்டை. நிஜத்தில் பெரும்பாலானவை இறந்துவிடும். இது உச்சவரம்புக் கணக்குதான். ஆனாலும் ‘போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு’ என்பது ஏன் நடக்கிறது என்று இது சொல்லிவிடும். மழைக்கு முன் ஒரு பூச்சி, தீபாவளி சுத்தத்தின்போது ஒரு வழுக்கை.

தாராவித் தோல் பையில் இந்தப் பிரச்சினை ஏன் இல்லை? முடி நீக்கிப் பதனிட்ட தோலில் கெரட்டின் கிட்டத்தட்ட இல்லை. அதனால் மழைக்காலத்தில் தோல் பையில் பூஞ்சை பூக்கும். பாடம் செய்த தலையில் புழு வைக்கும்.

பட்டுப்புடவை? புழுவின் முதல் தேர்வு கம்பளியும் முடியும். பட்டில் வியர்வையோ சாப்பாட்டுக் கறையோ இருந்தால் அதையும் கடிக்கும். ஆக, சுவரில் இருக்கும் மான் தலை ஒரு பண்ணை என்றால், உங்கள் அலமாரி அதன் அடுத்த கிளை.

இவ்வளவு தலைகள் எங்கிருந்து வந்தன?

தென்னிந்திய வீடுகளிலும் கிளப்புகளிலும் இருக்கும் பாடம் செய்த தலைகளில் பல, மைசூரில் இருந்த வான் இன்கென் அண்ட் வான் இன்கென் பட்டறையில் உருவானவை. 1900-ஐ ஒட்டி யூஜின் வான் இன்கென் தொடங்கிய குடும்பத் தொழில் அது. மகாராஜாக்கள், ஆங்கிலேய அதிகாரிகள், வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் என எல்லோரும் வாடிக்கையாளர்கள். உச்சத்தில் இருந்தபோது ஆண்டுக்கு 400-க்கு மேல் புலி, சிறுத்தைகள் அங்கே வந்தன. அதாவது நாளைக்கு ஒன்றுக்கு மேல். 1990-களின் இறுதியில் பட்டறை மூடப்பட்டது. குடும்பத்தின் ஜுபர்ட் வான் இன்கென் 2013-ல், 101-வது வயதில் மறைந்தார்.

அந்தப் பட்டறை மொத்தம் சுமார் 43,000 புலி, சிறுத்தைகளைப் பாடம் செய்ததாகக் கணக்கு. இந்த எண்ணை இப்போதைய எண்களோடு வைத்துப் பாருங்கள். 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சராசரி மதிப்பீடாக 3,682 புலிகள், 13,874 சிறுத்தைகள். இரண்டும் சேர்ந்து 17,556. அதைப் போல இரண்டரை மடங்கு விலங்குகள் ஒரே பட்டறை வழியாகச் சுவர்களுக்குப் போயிருக்கின்றன.

இந்தப் பட்டறையின் வேலைமுறையை அறிவது பராமரிப்புக்கும் முக்கியம். அச்சில் வார்த்த பேப்பர் கூழ் உருவத்தின் மேல் பதப்படுத்திய தோலை இழுத்துத் தைத்தார்கள். உள்ளே இருப்பது எலும்பும் சதையும் இல்லை, காகிதம். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் தோல் ஊறும். கீழே காகிதம் இளகும். காயும்போது தையல் பிரியும்.

வேட்டையின் சின்னம்தானே, அரிக்கட்டுமே?

நியாயமான கேள்வி. பெருமைக்காகச் சுட்ட புலியைப் பெருமையாகக் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. மகாராஷ்டிராவிலேயே அதற்கு ஒரு பதில் இருக்கிறது.

காட்டுச் சிறு ஆந்தை என்று ஒரு பறவை. 1873-ல் அறிவியலுக்கு அறிமுகமானது. 1884-க்குப் பிறகு 113 ஆண்டுகள் யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை. உலகம் முழுக்க இருந்தது ஏழு தோல்கள்தான். அதில் ஒன்றை 1914-ல் குஜராத்தில் தானே பிடித்ததாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பதிவு செய்திருந்தார். அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் அந்தத் தோலை எக்ஸ்ரே எடுத்து, தையலையும் உள்ளே அடைத்த பொருளையும் ஆராய்ந்தார். அது 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் சேகரித்த பறவை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்து திருடி, பிரித்து, திரும்ப அடைத்து, புதுச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது.

பொய்யான அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, உண்மையான தோல்களின் சீட்டில் இருந்த இடங்களைத் தேடிப் போனது ராஸ்முசென் குழு. 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் சத்புரா அடிவாரத்தில் பறவை உயிரோடு கிடைத்தது. 2014-ல், மும்பைக்குக் குடிநீர் தரும் தான்சா ஏரியைச் சுற்றிய சரணாலயத்திலும் அது பதிவானது.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, பாடம் செய்த உடல் ஒரு தரவு. எங்கே, எப்போது, யார் என்ற சீட்டோடு இருந்தால் அது நூறு ஆண்டு கழித்தும் பேசும். மரபணு ஆய்வுக்கும் உதவும். இரண்டு, பழுதுபார்ப்பு அந்தத் தரவை அழிக்கவும் செய்யும். பழைய தையலைப் பிரித்து, பழைய சீட்டைத் தூக்கிப் போட்டு, ‘புதுசு மாதிரி’ ஆக்குவதும் ஒரு வகையில் அரிப்புதான்.

முதல் விதி: கையால் தொடாதீர்கள்

18-ம் நூற்றாண்டில் பிரான்ஸின் மெட்ஸ் நகரைச் சேர்ந்த பெகோர் என்பவர் ஆர்சனிக் கலந்த ஒரு சோப்பைக் கண்டுபிடித்தார். தோலின் உட்புறம் அதைப் பூசினால் பூச்சி அண்டாது. அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு உலகம் முழுக்கப் பாடம் செய்தவர்கள் அதையும் அதன் உறவினர்களையும் பயன்படுத்தினார்கள். பாதரச உப்பும் பூசியிருக்கிறார்கள். ஆர்சனிக் ஆவியாகாது, சிதையாது. தாத்தா காலத்துத் தலையில் அது இன்றும் அப்படியே இருக்கலாம்.

அதாவது, உதிரும் முடியோடும் தூசியோடும் அது உங்கள் விரலுக்கும் மூச்சுக்கும் வரும். தையல் ஓரத்தில், வாயோரத்தில், முடியின் அடியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் கூடுதல் கவனம். தெரியாவிட்டாலும், 1980-க்கு முன் செய்தது என்றால் விஷம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சில அருங்காட்சியக ஆய்வகங்களில் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியை மேலே காட்டியே ஆர்சனிக் இருக்கிறதா என்று சொல்லிவிட முடியும்.

செய்ய வேண்டியது:

• நைட்ரைல் கையுறை, என்-95 முகக்கவசம் இல்லாமல் அருகில் போக வேண்டாம்.
• தட்டாதீர்கள், உதறாதீர்கள், ஊதாதீர்கள்.
• சாதாரண வாக்யூம் கிளீனர் வேண்டாம். அது நுண்ணிய தூசியைப் பின்பக்கம் அறை முழுக்கத் தள்ளும். ஹெப்பா வடிகட்டி உள்ளது மட்டும்.
• குழந்தைகள் விளையாடும் அறை, சமையலறை, படுக்கையறைச் சுவரில் இருந்தால் இடத்தை மாற்றத் திட்டமிடுங்கள்.
• கிருஷ்ணாஜினத்தின் மேல் உட்கார்ந்து ஜபம் செய்யும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதை அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எல்லாத் தோலிலும் ஆர்சனிக் இருக்காது. ஆனால் பார்த்துச் சொல்ல முடியாது.

விஷம் இருந்தும் பூச்சி எப்படி வருகிறது என்று கேட்கலாம். விஷம் தோலின் உட்புறம் பூசப்பட்டது. முடியின் நுனிப் பகுதிக்கு அது சமமாகப் போய்ச் சேர்வதில்லை. புழு மேலேயே மேய்ந்துவிடும்.

இரண்டாவது விதி: காகிதத்தைத் தேடுங்கள்

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி ‘டிராஃபி’ என்றால் சுவரில் மாட்டிய தலை மட்டும் இல்லை. பதப்படுத்திய தோல், விரிப்பு, கொம்பு, நகம், பல், முடி, இறகு எல்லாம் அதில் அடங்கும். கிருஷ்ணாஜினமும் புலி நகச் சங்கிலியும் உட்பட. புலியும் சிறுத்தையும் கருப்பு மானும் அட்டவணை 1-ல் இருக்கின்றன. அதாவது உச்சப் பாதுகாப்பு.

சட்டம் வந்தபோது, அட்டவணை 1 போன்ற உயர்பாதுகாப்பு விலங்குகளின் பொருளை வைத்திருந்தவர்கள் அதைத் தலைமை வனவிலங்கு காப்பாளரிடம் அறிவித்து உரிமைச் சான்றிதழ் பெற வேண்டும் என்றது. அப்போது தவறவிட்டவர்களுக்கு 2003-ல் 180 நாள் கடைசி வாய்ப்பு தரப்பட்டது. அந்த ஜன்னல் மூடி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

இப்போதைய நிலை சுருக்கமாக:

• விற்க முடியாது. சான்றிதழ் இருந்தாலும் காசுக்கோ வேறு வணிகப் பலனுக்கோ கைமாற்றக் கூடாது (பிரிவு 43). ஆன்லைனில் ‘பழங்காலப் பொருள்’ என்று படம் போடுவதும் விற்பனைக்கு முன்வைப்பதுதான்.
• வாரிசாக வரலாம். சான்றிதழ் உள்ள பொருள் வாரிசுரிமையில் வந்தால் 90 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் (பிரிவு 40). பெரியப்பா பெயரில் சான்றிதழ் இருக்கிறது என்பது மட்டும் போதாது.
• ஊர் மாற்றினால் சொல்ல வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோனால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 43). எடுத்துச் செல்லும் நிறுவனமும் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கக் கடமைப்பட்டது (பிரிவு 48ஏ). வேலை மாறி மும்பை வரும்போது பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் லாரியில் சோஃபாவோடு மான் தலையையும் ஏற்றிவிடுகிற விஷயம் இல்லை இது.
• சான்றிதழ் இல்லையென்றால் பொருள் கையில் இருப்பதே சிக்கல். வழக்கு வந்தால், சட்டப்படிதான் வைத்திருந்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருக்கே (பிரிவு 57). அட்டவணை 1 விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

சான்றிதழ் இல்லாத பொருளைக் குப்பையில் போடுவதோ, எரிப்பதோ, இரவோடு இரவாகக் கடலில் விடுவதோ தீர்வு இல்லை. முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசி, அவர் மூலம் வனத்துறையை அணுகுவதுதான் பாதுகாப்பான வழி. மகாராஷ்டிராவில் தலைமை வனவிலங்கு காப்பாளர் அலுவலகம் நாக்பூரில் இருக்கிறது.

தாராவியில் கொடுத்துச் சரிசெய்யலாமா?

மும்பைத் தமிழர் பலருக்கு முதலில் தோன்றும் யோசனை இதுதான். காரணமும் உண்டு. 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் தாராவியில் தோல் தொழிலை வளர்த்தார்கள். பதனிடும் வேலை பெரும்பாலும் வெளியே போய்விட்டாலும், பையும் பெல்ட்டும் ஜாக்கெட்டும் தைக்கும் கைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. கிழிந்த தோலைத் தைக்க அவர்களைவிட யார்?

ஆனால் கொடுக்கக் கூடாது. சட்டத்தில் ‘டாக்ஸிடெர்மி’ என்பதற்கு டிராஃபியைப் பதப்படுத்துவது, தயாரிப்பது, பாதுகாப்பது, மாட்டுவது என்று விளக்கம் தரப்பட்டிருக்கிறது. அதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும் (பிரிவு 44). ஆட்டுத்தோல், எருமைத்தோல் வேலை செய்யும் கடையில் ஒரு புலித்தோல் பிடிபட்டால், முதலில் மாட்டுவது நீங்கள் இல்லை, கடைக்காரர். ஐந்நூறு ரூபாய் கூலிக்கு ஒருவர் பிழைப்பைப் பணயம் வைக்கிறோம் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

வேலை வகையிலும் இது வேறு. பை தைப்பவர் புதிய, மென்மையான தோலைக் கையாள்கிறார். நூறு வயதுத் தோல் காய்ந்த அப்பளம் மாதிரி. ஊசி குத்தினால் ஓட்டை விரியும்.

பூச்சியை எப்படிக் கொல்வது?

முதலில் தனிமைப்படுத்துங்கள். கையுறையோடு மெதுவாக இறக்கி, பெரிய பாலிதீன் உறையில் வைத்து டேப்பால் மூடுங்கள். சீட்டு, எண், பின்பலகையில் உள்ள முத்திரை எல்லாவற்றையும் அதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் அது இருந்த இடத்தையும், சுற்றியுள்ள கம்பளம், சோஃபா இடுக்குகளையும் சுத்தம் செய்யுங்கள். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

குளிர்முறை: உறையோடு மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள், அல்லது மைனஸ் 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டை முதல் பூச்சிவரை எல்லாம் சாகும். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரமாவது உறையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் காற்றின் ஈரம் தோலில் படியும். வீட்டு ஃபிரிட்ஜில் இதைச் செய்யவே கூடாது. ஆர்சனிக் இருக்கக்கூடிய பொருளும் தோசை மாவும் ஒரே பெட்டியில் இருக்கலாமா? மரம், பிளாஸ்டர், கண்ணாடிக் கண் எல்லாம் சேர்ந்த பெரிய உருவங்களைக் குளிரில் வைப்பதா வேண்டாமா என்பதைப் பாதுகாப்பு நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆக்சிஜன் நீக்கும் முறை: காற்றுப்புகாத உறைக்குள் நைட்ரஜனை நிரப்பியோ, ஆக்சிஜன் உறிஞ்சிகளை வைத்தோ ஆக்சிஜனை அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவார்கள். சுமார் மூன்று வாரத்தில் பூச்சி மூச்சுத்திணறிச் சாகும். பொருளுக்குச் சேதம் மிகக் குறைவு. அருங்காட்சியகங்கள் விரும்பும் முறை.

அந்துருண்டை: பெயரிலேயே அந்து இருக்கிறது. ஆனால் மூடிய பெட்டிக்குள் ஆவி நிறைந்தால்தான் வேலை செய்யும். ஹாலில் மாட்டிய தலைக்குப் பின்னால் வைத்தால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது, நாற்றம் உங்களுக்கு. நாப்தலின் ஆவி குழந்தைகளுக்கு நல்லதில்லை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கக்கூடியது.

வசம்பும் வேப்பிலையும்: தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளைக் காக்க வசம்பு, கிராம்பு, மிளகு, பட்டை போன்றவற்றைப் பொடித்துச் சிறு முடிச்சாக வைக்கும் வழக்கம் உண்டு. மூடிய பெட்டியில் பூச்சியை விலக்கி வைக்க இது உதவும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. வேப்பிலையை நேரடியாக முடியின் மேல் போடாதீர்கள். காய்ந்து நொறுங்கி அதுவே தூசியாகும்.

வெயில்: புழு உள்ளே ஓடி ஒளியும். முடி வெளுக்கும், தோல் வெடிக்கும்.

பெஸ்ட் கண்ட்ரோல் ஸ்பிரே: சுவருக்கும் தரை இடுக்குக்கும் அடிக்கட்டும். உருவத்தின் மேல் அடித்தால் எண்ணெய்க் கறை நிரந்தரம்.

உதிர்ந்த முடி திரும்ப வருமா?

வராது. அதனால்தான் பழுதுபார்ப்பைவிடத் தடுப்பு முக்கியம். நிபுணர்கள் செய்வது இழப்பை மறைப்பது, மேலும் போகாமல் நிறுத்துவது.

முதலில் மென்தூரிகையால் தூசியைத் தளர்த்தி, வலைத்துணி கட்டிய ஹெப்பா வாக்யூம் வாயில் உறிஞ்சுவார்கள். ஈரப்பதம் ஏறி இறங்கி வெடித்த தோலுக்கு அடியில் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தை வைத்து, பின்னால் கழற்றக்கூடிய பசையால் ஒட்டுவார்கள். வழுக்கையான இடத்தில் சாயமேற்றிய செயற்கை இழையையோ, ஆட்டு முடி போலச் சட்டச் சிக்கல் இல்லாத முடியையோ பதிப்பார்கள். எதை எங்கே சேர்த்தோம் என்று எழுதி வைப்பார்கள். ஃபெவிகால், எம்-சீல், கருப்பு ஷூ பாலிஷ் மூன்றும் இந்த வேலைக்கு எதிரிகள். அவற்றைப் பின்னால் பிரித்தெடுக்க முடியாது.

சாயம் போன முடிக்கும் வழி உண்டு. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தன் வட அமெரிக்கப் பாலூட்டிகள் கூடத்தைச் சீரமைத்து 2012-ல் திறந்தபோது, எழுபது ஆண்டு விளக்கொளியில் வெளுத்த விலங்குகளுக்குத் தோலைக் கழற்றாமலே மெல்லிய சாயம் ஏற்றியது.

மும்பையில் யார் இருக்கிறார்கள்?

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883 செப்டம்பரில் எட்டுப் பேர் கூடித் தொடங்கியது. இன்று அதன் சேகரிப்பில் லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகமான சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்ரஹாலயாவின் இயற்கை வரலாற்றுப் பிரிவை வளர்த்தவர் இதே கழகத்தின் காப்பாளர் எஸ்.எச். பிரேட்டர். அந்த அருங்காட்சியகத்தில் கலைப்பொருள் பாதுகாப்பு மையமும் இயங்குகிறது. போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009-ல் ஒரு பாடம் செய்யும் மையம் தொடங்கியது. மும்பை கால்நடை மருத்துவக் கல்லூரியின் சந்தோஷ் கைக்வாட் அதை நடத்தியவர். இயற்கையாக இறந்த விலங்குகளை வனத்துறை அனுமதியோடு கல்விக்காகப் பாடம் செய்வதே அதன் வேலை. வேட்டைச் சின்னம் செய்வது அல்ல. தமிழ்நாட்டில், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் 1930-லிருந்து இயங்குகிறது.

இவர்கள் எல்லோரும் உங்கள் வீட்டுப் பொருளைப் பழுதுபார்த்துத் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சான்றிதழோடு போய் ஆலோசனை கேட்க இவைதான் சரியான கதவுகள்.

வைத்துக்கொள்வதா, விடுவதா?

2022 திருத்தத்தில் 42ஏ என்று ஒரு புதிய பிரிவு வந்தது. உரிமைச் சான்றிதழ் உள்ளவர், இனி வைத்திருக்க விரும்பவில்லை என்றால், ஏழு வேலை நாள் முன்னறிவிப்போடு தலைமை வனவிலங்கு காப்பாளரிடம் ஒப்படைக்கலாம். இழப்பீடு கிடையாது. பொருள் மாநில அரசின் சொத்தாகும்.

முடிவெடுக்க உங்களையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் என் பெயரில் இருக்கிறதா? மாதம் ஒருமுறை டார்ச் அடித்து இதைப் பார்க்க ஆள் இருக்கிறதா? எனக்குப் பிறகு இதை ஏற்க யாராவது சம்மதித்திருக்கிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்வது ஒரு வழக்கும் கொஞ்சம் உமியும்தான்.

வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வருட அட்டவணை:

• மே: மழைக்கு முன் டார்ச் அடித்து காதின் உள்ளே, கண்ணைச் சுற்றி, தையல் ஓரம், பலகைக்குப் பின்புறம் பாருங்கள். மணல் போன்ற துகள், பட்டு நூல் குழாய், அடியோடு வெட்டியது போன்ற முடி ஆகியவைதான் அடையாளம்.
• ஜூன் முதல் செப்டம்பர்: வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், கசியும். ஆண் அந்துப்பூச்சியை ஈர்க்கும் ஒட்டுப்பொறி ஒன்றை அருகில் வையுங்கள். அது பூச்சியை ஒழிக்காது, வந்துவிட்டதைச் சொல்லும்.
• அக்டோபர்: தீபாவளி சுத்தத்துக்கு வருபவர்களிடம் ‘இதைத் தொட வேண்டாம்’ என்று முன்பே சொல்லுங்கள். ஆர்சனிக் அவர்களுக்கும் ஆர்சனிக்தான்.
• ஜனவரி: சான்றிதழ், படங்கள், சீட்டு விவரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.